எல்லாக் குதிரைக்கும் ஒரே சேணமா?

குதிரைச் சேணம் விற்பவர்கள் தம் சரக்கைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகளுள் வாங்குபவர் மனத்தை எளிதில் கவர்வது, அது எந்தக் குதிரைக்கும் பொருந்தும் என்பதாகும். பத்துக் குதிரைகளை வைத்துக் குதிரையேற்றப் பள்ளி நடத்துபவர் பத்துச் சேணம் வாங்க வேண்டியதில்லை; மலைவாசஸ்தலத்தில் இரண்டு மட்டக்குதிரைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்துபவர் ஒன்றையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்; வாரம் ஒருமுறை ஏற்றம் பழகும் மாணவர் தமக்கென ஒரு சேணம் வாங்கி, அன்றன்று கொடுக்கப்படும் குதிரையின்மேல் அதையே போட்டுக்கொள்ளலாம். இத்தகைய அனுகூலம் யாருக்கும் வேண்டியிருப்பதே. ஆயினும் அவ்விளம்பரங்களில் சௌகரியம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மேலே உட்காருபவருடைய சௌகரியமாகவே இருக்கிறது. கடையில் மரத்தாங்கியின்மேல் வைத்திருக்கும் சேணத்தில் ஏறி அமர்ந்து, இருக்கை மெத்தென்று இருக்கிறது, தொடைக்கு அணைவாக இருக்கிறது என்று ஐந்து நிமிஷத்தில் தீர்மானித்துவிடலாம். அதைச் சுமக்கப்போகும் பிராணியின் அபிப்பிராயம் கேட்கப்படுவதில்லை. அது தன் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கும்போது அதன் முதுகில் புண் கண்டிருக்கும், அல்லது ஏறியவர் தரையில் கிடப்பார். இவை நேராமல் காத்துக்கொள்வது எப்படி, நேர்ந்துவிட்டால் சட்டத்தில் என்ன பரிகாரம் உண்டு என்பவற்றைக் குதிரையோடு எவ்விதத்திலேனும் சம்பந்தப்பட்டோர் அறிந்திருத்தல் அவசியம்.

குதிரையின் முதுகில் விலா எலும்புகளைத் தாங்கும் முள்ளெலும்புகள் 18. பிடரி மயிர் முடியும் இடத்தில், இரு தோள்களுக்கும் நடுவே மேடாக எழுந்து தோன்றுவது, அவற்றுள் முன்வரிசையில் உள்ளவற்றின் நீண்ட முனைகளே; இதனைத் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். தோலுக்கும் எலும்புக்கும் இடையே அவ்விடத்தில் சதை மிகக் குறைவு. ஏறுபவரின் பாரம் தோள்மேட்டின்மேலோ, அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் எலும்பு வரிசையின்மேலோ சிறிதும் தங்கலாகாது. அவ்வரிசைக்கு இருபுறமும் நீளவாட்டில் ஓடும் தடித்த தசைகளின்மேல், தோள்பட்டைக்குப் பின்னே தொடங்கிக் கடைசி விலா எலும்பைத் தாண்டாத பரப்பில், அது சமமாகப் பரவி நிற்க வேண்டும். அதற்கும் பின்னே உள்ள இடுப்புப் பகுதிக்கு விலா எலும்பின் ஆதாரம் இல்லை. அங்கே பாரம் ஏற்றுவது தகாது. முன்பக்கத்தில் வேறொரு சங்கடம் இருக்கிறது. முன்னங்கால் முன்னே நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சுழல்கிறது. ஆதலால், குதிரை நிற்கையில் கச்சிதமாக அமைந்ததாகத் தோன்றும் சேணம், அது நடக்கத் தொடங்கியதும் அடிக்கு அடி அவ்வெலும்பின்மேல் இடிக்கக்கூடும். இதையெல்லாம் நிர்ணயிப்பவை சேணத்தின் வெளியழகைச் சேர்ந்தவை அல்ல. உள்ளே மரத்தாலோ எஃகாலோ பிளாஸ்டிக்காலோ செய்து மறைத்திருக்கும் சட்டகத்தின் முன்வளைவு எவ்வளவு அகலம், அடியில் தைத்திருக்கும் இரண்டு மெத்தைகள் எவ்வளவு வளைவு, அவற்றுக்கு இடையே விட்டிருக்கும் நடுப்பள்ளம் முன்னிருந்து பின்வரை ஒடுங்காமல் செல்கிறதா என்ற மூன்றுமே முக்கியமானவை. மேல்தோலின் வழவழப்பும் பித்தளை வளையங்களின் பளபளப்பும் விலையை உயர்த்துவதற்குத்தான் பயன்படும்.

குதிரைகளின் முதுகு ஒன்றுக்கொன்று எவ்வளவு பேதப்படும் என்பதைக் காண, ஏதேனும் ஒரு குதிரையேற்றப் பள்ளியின் லாயத்துக்குள் சென்று பக்கவாட்டில் நின்று பார்த்தாலே போதும். பந்தய மைதானத்தில் ஓடி ஓய்ந்து அங்கே விலைக்கு வந்திருக்கும் தரோபிரெட் குதிரைக்குத் தோள்மேடு உயர்ந்து கூர்ந்து, அதன் இருபுறமும் சதை வற்றிக் குழிந்திருக்கும். அடுத்து நிற்கும் மட்டக்குதிரைக்குத் தோள்மேடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. முதுகு உருண்டு, சேணம் எந்தப் பக்கமும் சரியத் தயாராக இருக்கும். மார்வாரி, காத்தியவாரி என்னும் நாட்டினங்களில் தேகம் ஒடுங்கியவை பல. வயது முதிர்ந்த குதிரைக்கும், பல குட்டிகள் ஈன்ற பெட்டைக்கும் முதுகு நடுவில் தணிந்திருக்கும். இது மட்டுமன்று; ஒரே குதிரையின் முதுகுகூட ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. மழைக்குப்பின் புல் மேய்ந்து கொழுத்தபோது ஓர் அளவு, கோடையில் தீவனம் குறைந்து மெலிந்தபோது ஓர் அளவு, ஓய்ந்திருந்த குதிரை மீண்டும் வேலை செய்து தசை வைத்தபோது மற்றோர் அளவு. சித்திரையில் பொருந்திய சேணம் ஐப்பசியில் பொருந்தும் என்பதற்கு யாதொரு நிச்சயமும் இல்லை.

எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் சேணம் வேண்டுமென்ற ஆசை புதியதன்று. ஆயிரக்கணக்கான குதிரைகளை வைத்து ஆண்ட படைத்துறைகளுக்கு இது ஜீவாதாரமான பிரச்சினையாக இருந்தது. ஏனெனில், பகைவரின் குண்டினால் இழந்த குதிரைகளைப் போலவே முதுகுப்புண்ணால் பயனற்றுப்போன குதிரைகளும் படையைக் குறைத்தன. அமெரிக்கத் தளபதி மக்லெல்லன், கிரிமியப் போர்க்காலத்தில் ஐரோப்பியப் படைகளைப் பார்வையிட்டுத் திரும்பி வகுத்த சேணத்தை 1859-இல் அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்டது; முதுகெலும்பின்மேல் எதுவும் படாதபடி நடுவில் நீளமாகத் திறந்த இடைவெளி விட்டிருந்தது அதன் சிறப்பு. பிரிட்டிஷ் படையினர் தம் சேணத்துக்கு 'யூனிவர்சல்' என்றே பெயர் வைத்தார்கள். பலமுறை திருத்தி, 1912-ஆம் வருஷத்து மாதிரியில் இருபுறப் பலகைகளும் அசைந்து கொடுத்துக் குதிரையின் உடலுக்குத் தக்கபடி சாயுமாறு கீல் அமைத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும், சேணத்தின் அடியில் இடும் கம்பளியைக் குதிரையின் மெலிவுக்கும் தோள்மேட்டின் உயரத்துக்கும் ஏற்பப் பல வகையாக மடிக்க ஒவ்வொரு சிப்பாய்க்கும் கற்பிக்க வேண்டியிருந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் பட்டறைகளே கருவியால் மட்டும் தீர்க்க முடியாமல் மனிதனின் கண்ணையும் கையையும் நம்பி விட்டுவிட்ட காரியத்தை, இன்று ஒரு வியாபாரி தன் விலைச்சீட்டில் ஒரே வரியில் தீர்த்துவிட்டதாகச் சொல்கிறார். விற்பவருடைய லாபமும் குதிரையின் நலமும் வேறு வேறு வழிகளில் செல்லக்கூடும் என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்த குதிரைகள் பராமரிப்புத் தெரியாமையால் ஏராளமாக மடிந்தன என்றும், அவற்றைக் கொண்டுவந்த வணிகர்கள் குதிரை வைத்தியம் அறிந்தவர் இங்கே வராதபடி பார்த்துக்கொண்டனர் என்றும் குறிக்கிறார். குதிரை நீடித்து வாழ்ந்தால் அடுத்த ஆண்டு வியாபாரம் குறையுமன்றோ!

பொருந்தாத சேணம் செய்யும் தீங்கு நான்கு வகையாகக் காணப்படும். முன்வளைவு ஒடுங்கியிருந்தால் தோள்மேட்டுக்குக் கீழே இருபுறமும் இடுக்கிப் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சி அகன்றிருந்தால் சேணம் முன்னே தாழ்ந்து தோள்மேட்டின்மேலேயே உட்கார்ந்துவிடும். மெத்தைகள் முதுகைவிட நேராக இருந்தால் முன்னும் பின்னும் மட்டும் படிந்து நடுவில் தொடாமல் நிற்கும், பாரமெல்லாம் நான்கு மூலைகளில் இறங்கும். முதுகைவிட அதிகமாக வளைந்திருந்தால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே தோலை உராயும். அழுத்தம் நீடித்த இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. முதலில் ரோமம் கலைந்து, பின் வீக்கம் கண்டு, பின் தோல் உரிந்து புண்ணாகும். புண் ஆறிய பிறகும் மயிர்க்கால்கள் சேதமுற்றிருப்பதால் அவ்விடத்தில் வெள்ளை மயிரே முளைக்கும். பழுப்பு நிறக் குதிரையின் தோள்மேட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தால், அது பிறவி அடையாளமன்று. யாரோ எப்போதோ போட்ட சேணம் எழுதிவைத்த சாசனம். வாடகைக் குதிரையில் ஏறுமுன் அவ்விடத்தைப் பார்க்க அரை நிமிஷம் போதும். வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னே மடக்குவதும், கடிக்கத் திரும்புவதும், ஏறியவுடன் முதுகைத் தாழ்த்துவதும், பள்ளத்தில் இறங்க மறுப்பதும் குதிரையின் துர்க்குணம் என்று சொல்லி அடிப்பவர் உண்டு. இவை பலவேளை வலியின் அறிகுறிகள் என்பதைக் கால்நடை மருத்துவர் யாரும் சொல்வார்.

ஏறுபவருக்குள்ள ஆபத்தும் குறைந்ததன்று. உருண்ட முதுகில் பொருந்தாத சேணம் ஒரு பக்கம் சரிந்தால், ஏறியவர் குதிரையின் வயிற்றுக்கு அடியில் தொங்குவார்; அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டால் இழுபட்டுச் செல்வார். அங்கவடி வார் தொங்கும் கொக்கியின் முனையில் அசையும் தாழ் ஒன்று இருக்கும்; கால் மாட்டிக்கொண்டபோது வார் கழன்று விழுவதற்காக அதைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது பழையவர்கள் கொள்கை. திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும், அது துருவேறி அசையாமல் நிற்கலாகாது. கடற்கரையில் வாடகைக்கு விடும் குதிரைகளின் சேணங்களில் இவ்வபாயம் இருமடங்கு. மெரினாவில் மாலை வேளையில் வரிசையாக நிற்கும் குதிரைகளில் ஒன்றின் வயிற்றுவாரைச் சற்று மடக்கிப் பார்த்தால், உப்புக் காற்றில் துருவேறிய கொளுவியும், மணல் புகுந்து அறுத்து இழை இழையாக நிற்கும் தைப்பு நூலும் பலவேளை கண்ணில் படும். அந்நூலின் பலத்தில்தான் அடுத்த வீட்டுக் குழந்தையை ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள்.

முதுகில் சேணம் உறுத்துகிறது என்றவுடன், அடியில் இன்னொரு கம்பளி, அதன்மேல் ஒரு பஞ்சு மெத்தை, அதன்மேல் ஒரு கோணிச்சாக்கு என்று அடுக்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. சேணம் அகலமாக இருந்து தாழ்கிறதென்றால் இது ஓரளவு நியாயம். ஒடுங்கியிருந்து இடுக்குகிறதென்றால், கடிக்கிற செருப்புக்குள் காலுறை போட்டுக்கொள்வது போல, இருக்கிற இடத்தையும் குறைத்துத் துன்பத்தை அதிகமாக்குவதே அதன் பலன். ஆதலால் பல குதிரைகளுக்கு ஒரே சேணத்தை உபயோகிக்க நேர்ந்தவர்கள், குறைவான அகலத்தைவிடச் சிறிது கூடுதலான அகலத்தையே தெரிந்தெடுத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கம்பளி கொடுத்துச் சரிப்படுத்துவது புத்தி. கூடுதலானதைத் திணித்துக் குறைக்கலாம். குறைந்ததை எதைக் கொண்டும் கூட்ட இயலாது.

அளவெடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. வரைபடம் வரைவோர் உபயோகிக்கும் வளையும் அளவுகோல் கிடைத்தால் உத்தமம். இல்லாவிடில், மின்சாரக் கடையில் விற்கும் தடித்த செம்புக் கம்பி இரண்டு முழம் போதும். குதிரையைச் சமதரையில், தலை நேராக, நான்கு கால்களிலும் சமமாக நிற்கச் செய்து, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவி அறிந்து, அதற்கு இரண்டு விரல் பின்னே, தோள்மேட்டைத் தாண்டி இருபுறமும் படியுமாறு கம்பியை அழுத்தி வளைக்க வேண்டும். வளைத்த கம்பியை அலுங்காமல் எடுத்து ஓர் அட்டையின்மேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தால், அது அக்குதிரையின் முன்முதுகின் வடிவம். சேணத்தின் நடு வரும் இடத்திலும், பின்விளிம்பு வரும் இடத்திலும் இவ்விதமே இரண்டு கோடுகள் எடுத்து, நீளவாட்டில் முதுகின் தணிவையும் ஒரு கோட்டால் குறித்து, குதிரையின் பெயரையும் தேதியையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். லாயத்திலுள்ள எல்லாக் குதிரைகளுக்கும் இப்படி எடுத்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் விஷயம் பிரத்யட்சமாகும்: பத்துக் குதிரைகள் பத்துவிதமாக இருப்பதில்லை, இரண்டு அல்லது மூன்று கூட்டமாகப் பிரிந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒன்று என்பது நடவாது. கூட்டத்துக்கு ஒன்று என்பது பெரும்பாலும் நடக்கும். என் அபிப்பிராயத்தில், பள்ளி நடத்துவோர் செலவிடும் பணத்துக்கு இதனினும் மேலான யோசனை சொல்பவர் அரியர். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அட்டைகளைப் புதுப்பித்து ஒப்பிட்டால், எந்தக் குதிரை எந்தக் கூட்டத்திலிருந்து எதற்கு மாறிற்று என்பதும் தெரியவரும்.

வாங்கும் சேணத்தைப் பொறுத்தவரை, முன்வளைவின் இரும்பைக் கழற்றி வேறு அகலமுள்ளதைப் பூட்டக்கூடிய வகைகள் இப்போது கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வின்டெக் போன்ற செயற்கைத்தோல் சேணங்களில் ஒவ்வோர் அகலத்துக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்து, திருகாணியைக் கழற்றித் தாமே மாற்றிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இது மெய்யாகவே பிரயோஜனமான ஏற்பாடு. ஆனால் மாறுவது முன்வளைவு ஒன்றே; மெத்தைகளின் நீளவளைவு மாறாது என்பதை மறக்கலாகாது. மெத்தையில் கம்பளி ரோமம் அடைத்த சேணத்தை, அவிழ்த்து அடைப்பைக் கூட்டியும் குறைத்தும் ஒரு குதிரையின் முதுகுக்குச் செப்பனிடலாம். ரப்பர் நுரை வைத்ததில் அது ஆகாது. சட்டகமே இல்லாத சேணங்கள் எல்லா முதுகுக்கும் வளைந்து கொடுக்கும் என்று போற்றப்படுகின்றன. நடுப்பள்ளம் காக்கத் தக்க தனிக் கம்பளி அடியில் இல்லையாயின், அவற்றில் பாரம் நேரே எலும்பு வரிசையில் இறங்கும் அபாயம் உண்டு. நம் நாட்டிலேயே கான்பூர், படைகளுக்குச் சேணம் செய்து பழகி, இன்று வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி செய்யும் ஊர். அவ்வூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அளவு சொல்லிச் செய்விக்க விரும்புவோர் மேற்சொன்ன அட்டைகளை அனுப்பினால் கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளர் அவற்றைப் படித்துக்கொள்வர். பழைய சேணம் வாங்குவோர், முன்வளைவைத் தம் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்விளிம்பைத் தம்மை நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மடிந்தாலோ, உள்ளே முறுமுறுத்தாலோ சட்டகம் முறிந்திருக்கிறது. முறிந்த சட்டகத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

கம்பளி ஏதும் இடாமல், வயிற்றுவாரைக் கட்டாமல், வெறும் முதுகில் சேணத்தை வைத்து முதலில் பார்க்க வேண்டும். பின் கட்டி, ஒருவரை ஏற்றி, தோள்மேட்டுக்கும் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா, பின்னாலிருந்து பார்த்தால் நடுப்பள்ளத்தின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று நோக்க வேண்டும். அரைமணி நேரம் ஏறி இறங்கியபின் சேணத்தைத் தூக்கினால், வியர்வை முதுகில் சமமாகப் படர்ந்திருக்க வேண்டும். எல்லாம் நனைந்திருக்க நடுவே ஒரு வறண்ட திட்டு மட்டும் நின்றால், அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வைச் சுரப்பி அடங்கியது என்றோ, சேணம் படவேயில்லை என்றோ பொருள். கையால் அழுத்திப் பார்த்தால் எதுவென்று குதிரையே சொல்லிவிடும். ஒரே சேணத்தையும் வயிற்றுவாரையும் பல குதிரைகளுக்கு மாற்றுவதில் மற்றொரு தீங்கும் உண்டு: படர்தாமரை என்னும் தோல் நோய் அவ்வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கும், குதிரையிலிருந்து மனிதருக்கும் பரவும். சேணத்தைப் பொதுவாக வைத்தாலும் கம்பளித் துணியைக் குதிரைக்கு ஒன்றாக வைத்து வெயிலில் உலர்த்துவது எளிய பாதுகாப்பு.

இனிச் சட்டத்தின் நிலை. மாநிலங்களவையில் 1950-களில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசாங்கமே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறியதன்பேரில் அவர் மீட்டுக்கொள்ள, அதன் விளைவாகப் பிறந்தது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்கீழ் 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர். வாரியம் நெடுங்காலம் சென்னையிலேயே இயங்கிற்று. புண், நோய், முதுமை ஆகியவற்றால் தகுதியிழந்த பிராணியை வேலைக்கு உபயோகிப்பது அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். வண்டியிழுக்கும் பிராணிகளுக்கும் பொதி சுமக்கும் பிராணிகளுக்குமாக 1965-இல் வகுத்த விதிகளோ சேணத்தைப் பற்றியும் பேசுகின்றன. முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாமல், பாரம் நேரே தோள்மேட்டில் தங்கும்படி குதிரைக்குச் சேணம் கட்டலாகாது என்று அவற்றில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. குதிரைக்காரர்களிலும் குதிரையேறுபவர்களிலும் இவ்விதியைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை உபயோகிக்கலாகாது, மட்டக்குதிரையின்மேல் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றலாகாது என்பனவும் அவ்விதிகளில் உள்ளவை. எண்பது கிலோ எடையுள்ள உல்லாசப் பிரயாணி ஒருவர், கையில் குழந்தையையும் வைத்துக்கொண்டு மலைவாசஸ்தலத்து ஏரிக்கரை மட்டக்குதிரையில் ஏறும்போது இவ்வெண்ணை ஒருகணம் நினைத்தால் போதும்.

தண்டனை என்று பார்த்தால் மனம் சோர்வடையும். 11-ஆம் பிரிவில் முதற்குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை; மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். விதிகளை மீறினால் 100 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ஏரிக்கரையில் ஒரு சுற்றுக்கு வாங்கும் கூலியைவிடக் குறைந்த அபராதம் யாரைத் தடுக்கும்? ஆனால் சட்டத்தின் வலிமை அபராதத்தில் இல்லை. 34-ஆம் பிரிவில் இருக்கிறது. காவலர் தரத்துக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி, குற்றம் நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், அப்பிராணியைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட் முன்போ குறித்த கால்நடை மருத்துவர் முன்போ பரிசோதனைக்குக் கொண்டுசெல்லலாம். மாஜிஸ்திரேட் அதனைச் சிகிச்சை நிலையத்தில் வைத்துப் பராமரிக்க உத்தரவிடலாம். புண்பட்ட முதுகுக்குத் தேவையானது ஓய்வும் மருந்தும்தான். அது அபராதத்தில் கிடைப்பதன்று.

முறையிடுவோர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இக்குற்றங்களில் பெரும்பான்மையும் போலீசார் தாமாகவே கைது செய்யத் தக்கவை அல்ல; தகவலைப் பதிந்து, முறையிட்டவரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவர். 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்டந்தோறும் இருக்க வேண்டிய பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தையும் அணுகலாம். குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் 36-ஆம் பிரிவு வழியை அடைத்துவிடும். ஆகவே, புண்ணின் படம், தேதி, இடம், சேணம் போட்ட நிலையிலும் கழற்றிய நிலையிலும் முதுகின் தோற்றம் ஆகியவற்றை உடனே பதிந்துகொள்வதே காரியம். குதிரைக்காரரோடு தெருவில் வாக்குவாதம் செய்து கூட்டம் கூட்டுவதால், அவர் அடுத்த நாள் அப்புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு வருவாரேயன்றி வேறு பலன் இராது. பெரும்பாலான குதிரைக்காரர் கொடியவர் அல்லர். குதிரை படுத்தால் அடுப்பு எரியாது என்பதை அவரே நன்கறிவார்.

வாங்குபவருக்கு உரிய பரிகாரம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. இணையச் சந்தையில் வாங்கிய பொருள் விளம்பரத்தில் சொன்ன குணங்களோடு இல்லையென்றால் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. எந்தக் குதிரைக்கும் பொருந்தும் என்ற விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டவருக்கு அதுவே ஆயுதம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் அழைத்து முதலில் புகார் செய்யலாம். தீராவிட்டால், தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. வாடகைக்கு ஏறி விழுந்தவருக்கும், பள்ளியில் பயிலும்போது வார் அறுந்து காயமுற்றவருக்கும், சேவைக் குறைபாடு என்ற முறையில் இதே கதவு திறந்திருக்கிறது. சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன் என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டதனால் மட்டும், இற்றுப்போன வாரைக் கட்டிக் கொடுத்த அஜாக்கிரதைக்குப் பள்ளி பொறுப்பிலிருந்து நீங்கிவிடாது.

வர்த்தக நோக்கத்துக்காக வாங்குபவர் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். பத்துச் சேணம் வாங்கி ஆள் வைத்துப் பள்ளி நடத்தும் முதலாளிக்கு இவ்வழி அடைபடக்கூடும். அவர் ஒப்பந்தத்திலேயே, குறித்த குதிரைகளுக்குப் போட்டுப் பார்த்துத் திருப்பித் தர இத்தனை நாள் அவகாசம் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் சுயதொழிலாகத் தம் ஜீவனத்துக்கென்றே வாங்குபவரைச் சட்டம் விலக்கவில்லை. ஏரிக்கரையில் நிற்கும் மட்டக்குதிரைக்காரர் அவ்வகுப்பைச் சேர்ந்தவர். புண்பட்ட முதுகோடு குதிரையை ஓட்டினால் ஒரு சட்டத்தில் அவர் குற்றவாளி. ஓட்டாமல் நிறுத்தி அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், புண் எதனால் உண்டாயிற்று என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டால், சேணத்தின் ரசீதோடு சேர்ந்து அந்தக் காகிதமே, விற்றவரிடம் விலையையும் சிகிச்சைச் செலவையும் வேலை நின்ற நாட்களின் நஷ்டத்தையும் கேட்பதற்கு ஆதாரமாகிறது.